மாத்திரைக்காரியும் ஊசிக்காரரும்

குலுக்கலில் மோகனாவுக்கு மாத்திரை விழுந்தது. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஊசி.

சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் பிரித்தது. உடம்பு இளைப்பதற்காகப் புதிதாக வந்த மருந்தை எந்த வழியில் கொடுத்தால் நல்லது என்று பார்க்க, கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் நடந்த ஆய்வு அது. பாதிப் பேருக்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மீதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். மாத்திரை அன்றைய பொழுதுக்கு வேலை செய்துவிட்டு மறுநாள் விடிகிற நேரத்தில் ஓய்ந்துவிடும். ஊசி மருந்து தோலுக்கடியில் உட்கார்ந்துகொண்டு, இரவு பகல் பார்க்காமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

"எனக்கு ஊசின்னாலே கை காலெல்லாம் நடுங்கும். தப்பிச்சேன்" என்றாள் மோகனா, யாரிடம் என்றில்லாமல்.

"எனக்கு மாத்திரைன்னா கண்டிப்பா மறந்து போயிடுமுங்க. நானும் தப்பிச்சேன்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. கைப்பிடிகளுக்கு நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டிருந்தது. மோகனா சிரிக்கவில்லை. அவளுக்கும் அது நடந்திருக்கிறது. எழுந்து போய் நாற்காலியின் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுபட்டார்.

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்றவர் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே?"

ஊரில் பாதிப் பேர் கேட்ட குரல்தான் அது. பண்பலை வானொலியில் காலை நேர 'நேயர் விருப்பம்' அவளுடையது. குரலைக் கேட்டு மயங்கிப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. பெண்ணைப் பார்த்ததும் குரலை மறந்துவிட்டுக் கிளம்பிப் போனவர்களும் அவர்களேதான். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அப்படியே போயிற்று. முழங்கால் வலி தாங்காமல்தான் இந்த ஆய்வில் பெயர் கொடுத்திருந்தாள்.

அவர் பெயர் நந்தகுமார். சிங்காநல்லூர்ப் பக்கம் பம்ப் செட் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இன்ஜினியர். மனைவி சௌமியா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வீட்டுக்குப் போகவே புடிக்காதுங்க. ஹோட்டல் ஹோட்டலா போய் உக்காந்துக்குவேன். சும்மா உக்கார முடியாதில்ல, எதையாச்சும் தின்னுட்டே இருப்பேன்" என்று சொன்னபோது அவர் கண் கலங்கி, குரல் பாதியில் நின்றுவிட்டது. மோகனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். அதே சங்கதியை, செய்தித்தாளில் படித்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. 'பாவம், மனசு தேறிவிட்டார்' என்று மோகனா சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு மாதாமாதம் எடை பார்க்க வரும்போதெல்லாம் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் இளைத்தார்கள். அவர் வேகமாக, அவள் கொஞ்சம் மெதுவாக. அவர் பேச்சில் அவசரம் இருக்காது, அலட்டல் இருக்காது. எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார். ஆய்வு முடிகிற சமயத்தில், வெட்கத்தை விட்டுவிட்டு மோகனாதான் கேட்டாள். "நாம ரெண்டு பேரும் சேந்து இருந்தா என்னங்க?"

"இருக்கலாமே" என்றார் நந்தகுமார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். மருதமலையில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது.

நல்ல மனிதர். இதில் எந்தக் காலத்திலும் மோகனாவுக்குச் சந்தேகம் வந்ததில்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார். வைத்ததைச் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். தலைவலி என்று படுத்தால் தைலத்தை எடுத்து வந்து கையில் கொடுப்பார். சினிமாவுக்குப் போகலாம் என்றால் போகலாமே என்பார். வேண்டாம் என்றால் சரி, வேண்டாம்.

மோகனாவின் நாள் வேறு மாதிரி தொடங்கும். விடியலில் முந்தைய நாள் மாத்திரை ஓய்ந்து, அன்றைய மாத்திரை வேலையைத் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் பசி வந்துவிடும். வயிற்றுப் பசி மட்டும் இல்லை. யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். பக்கத்தில் மல்லாந்து நிம்மதியாகத் தூங்குகிற புருஷனைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஒருதரம் புரண்டு தன் பக்கம் திரும்பமாட்டாரா என்று காத்திருப்பாள். பிறகு எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போவாள். வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ஒருமுறை பயிற்சி முகாமுக்காக ஒரு வாரம் சென்னைக்குப் போனாள். ஒவ்வொரு நாள் விடியலிலும் அவரை நினைத்துத் தவித்துப்போய், கடைசி நாள் நிகழ்ச்சிக்குக்கூட இருக்காமல் ரயிலேறி வந்துவிட்டாள். கதவைத் திறந்தவர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"வந்துட்டியா? நல்லது. காபி போடட்டுமா?"

"அது இருக்கட்டும். என்னைத் தேடுச்சா?" என்று கேட்டாள்.

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பார்த்து விடை சொல்கிறவர்போல நேர்மையாகச் சொன்னார். "தேடலை மோகனா." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், தேடணுமா?" என்றார்.

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. அதுதான் அவளை அன்றைக்கு அழவைத்தது. தன் உடம்பைப் பார்த்து முகம் சுளித்த ஆட்களையெல்லாம் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இப்படிப் பிரியமாக ஒருவர் 'தேடலை' என்று சொன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குள் ஆய்வின் முடிவு வந்து, ஊசி ஜெயித்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. மாத்திரையை மறந்துவிடுகிறார்கள், கல்யாணம் காட்சி என்றால் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள், ஊசியில் அந்த வம்பு இல்லை என்றார்கள். கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு இலவசமாகவே போட்டுவிட்டன. ஊசி போட்டவர்கள் சம்பளம் ஏற்றச் சொல்லிக் கேட்பதில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று லீவுக்கு நிற்பதில்லை என்பதை முதலாளிகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வரன் பார்க்கிற இடத்தில் ஜாதகத்தைக் கேட்ட கையோடு 'பையன் ஊசியா, மாத்திரையா?' என்றும் கேட்டார்கள். ஊசி என்றால் பெண் வீட்டாருக்கு நிம்மதி. குடிக்கமாட்டான், அலையமாட்டான். ஸ்வீட் ஸ்டால்கள் மூடின. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மோகனாவுக்கு அது வேறு வழியில் தெரிந்தது. நேயர் விருப்பத்துக்கு அழைப்புகள் குறைந்தன. முன்பெல்லாம் இணைப்புக் கிடைக்காமல் சண்டை போடுவார்கள். இப்போது அவள் மூன்று முறை எண்ணைச் சொன்னாலும் போன் சும்மா கிடந்தது.

ஒரு காலையில் பொள்ளாச்சியிலிருந்து ஜமுனா அக்கா கூப்பிட்டாள். பழைய நேயர். புருஷன் துபாயில். வாரம் தவறாமல் கூப்பிட்டு, அவருக்காக ஒரே பாட்டைத்தான் கேட்பாள். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிடுவாள். ரொம்ப நாளாக அவளைக் காணவில்லை.

"அக்கா! எங்க போனீங்க இத்தனை நாளா? அதே பாட்டுத்தானே?"

"எதாச்சும் போடு கண்ணு. எதைப் போட்டாலும் சரி. கெடந்த போனை எடுத்தேன், உன் நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன்."

"அண்ணன் எப்படி இருக்காருங்க?"

"அவருக்கென்ன, அங்க நல்லாத்தான் இருக்காரு. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்."

"ஏனுங்கக்கா, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஊசி போட்டப்புறம் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு."

மோகனா ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சென்னையிலிருந்து வந்த அன்று வாசலில் கேட்ட அதே குரல். ஆள்தான் வேறு. பாட்டு முடிந்துபோனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நிலைய இயக்குநர் செல்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிய பிறகுதான் சுதாரித்துக்கொண்டாள்.

அன்று மாலையே ஆய்வை நடத்திய டாக்டர் ரெஹானாவைப் போய்ப் பார்த்தாள். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. மோகனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மோகனா, பசின்னா வயித்துல வர்றதுன்னு நினைக்கிறோம். வயிறு வெறும் தபால்காரன். வேணும் வேணும்னு கேக்கறது தலைக்குள்ள இருக்கு. சோறு வேணும்ங்கறதும், ஊருக்குப் போகணும்ங்கறதும், ஒருத்தர் முகத்தைப் பாக்கணும்ங்கறதும் எல்லாம் ஒரே ஒயர்ல ஓடுது. நம்ம மருந்து அந்த ஒயரைத்தான் அமுக்கிப் பிடிக்குது."

"அப்ப மாத்திரையும் அதைத்தானே பண்ணும்?"

"பண்ணும். ஆனா தினமும் ஒருதரம் கையை எடுத்துடுது. அந்தக் கொஞ்ச நேரத்துல மூளை எல்லாத்தையும் ஞாபகப்படுத்திக்குது. அதனாலதான் நீங்க இங்க வந்து இதைக் கேக்கறீங்க. ஊசிக்காரங்க யாரும் இதுவரைக்கும் வந்து கேக்கல. வரமாட்டாங்க, கேக்கணும்னே தோணாது."

"கம்பெனிக்குத் தெரியுமா டாக்டர்?"

"விளம்பரத்துல 'மன அமைதி'ன்னு ஒரு வார்த்தை போடறாங்களே, பாத்திருப்பீங்க. அது இதுதான். பொய் இல்லையே. அமைதியாத்தானே இருக்காங்க?"

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"நானும் ஊசிதான். போன வருஷம் எங்கம்மா மவுத் ஆனாங்க. எனக்கு அழுகை வரலை. எல்லா வேலையையும் கச்சிதமா முடிச்சுட்டு மறுநாள் டியூட்டிக்கு வந்துட்டேன். இது சரியில்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா உறுத்தலை. உறுத்தணுமே, ஏன் உறுத்தலைன்னு யோசிக்கிறதோட நின்னுடுது."

"நிறுத்தினா எல்லாம் திரும்பி வருமா?"

"வரும். மருந்து வடிஞ்சு போகக் கொஞ்ச காலம் ஆகும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அவரோட நீங்க பழகினது ஊசிக்கு அப்புறம்தான். அமுக்கி வச்ச எடத்துல என்ன இருக்குன்னு நீங்களும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. எது வருதோ அதை ஏத்துக்கறதா இருந்தா நிறுத்துங்க."

மோகனாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அமுக்கி வைத்த இடத்தில் தனக்காக ஏதோ இருக்கிறது என்ற நினைப்பிலேயே வீடு வந்து சேர்ந்தாள்.

அவரிடம் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள், தன் விடியற்காலைகளையும் சொன்னாள். நந்தகுமார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அடுத்த ஊசி ஆடி மாசம் போடணும். வேண்டாம்னா விட்டுடலாம். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

"உடம்பு மறுபடியும் ஏறும்ங்க. சுகர் வேற இருந்திருக்கு உங்களுக்கு."

"நீ போடற மாத்திரையையே நானும் போட்டுக்கறேன். உனக்கு இது வேணுமில்ல? அப்ப செஞ்சிடலாமே."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த அந்தச் சாந்தத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி பயமாக இருந்தது. தூங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குவதுபோல. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆடி வந்தது, போயிற்று. மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் காலையில் நந்தகுமார் தட்டைப் பார்த்தபடி, "இன்னொரு தோசை இருக்கா?" என்று கேட்டார்.

மோகனா அடுப்படிக்கு ஓடினாள். கல் காய்வதற்குள் மாவை ஊற்றிவிட்டு, அது ஒட்டிக்கொண்டு, சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள். அவர் கேட்டுச் சாப்பிட்ட முதல் தோசை அதுதான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. குளிக்கும்போது எதையோ முணுமுணுத்தார். டிராபிக்கில் குறுக்கே வந்தவனைத் திட்டினார். சட்டை தேய்க்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மோகனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நேயர் விருப்பத்தை அரை மணி நேரமாகக் குறைக்கப்போவதாகச் செல்வின் வந்து சொன்னபோதுகூட, "சரிங்க சார்" என்று சிரித்தாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். விடியலில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்குத் திரும்புவார், நாளைக்குத் திரும்புவார் என்று.

ஒருநாள் விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. அடுப்படியில் ஏதோ சத்தம். பசி தாங்காமல் எழுந்து போயிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நந்தகுமார் தரையில் கேஸ் சிலிண்டரின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டையும் நீட்டியிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"சௌமியா எங்க, மோகனா?" என்றார்.

மோகனா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டான்னு தெரியும். நானேதான் கொள்ளி வச்சேன். எல்லாம் தெரியும். ஆனா எங்க?" அவர் மூச்சுவிட முடியாமல் திணறினார். "இத்தனை வருஷமா அவ என்னைக் கூப்பிட்டுட்டே இருந்த மாதிரி இருக்கு. எனக்குக் காதே கேக்கலை பாரு. இப்ப ஒரேயடியா கேக்குது."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொட்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். இத்தனை காலமாக எந்தப் பிடிக்கு ஏங்கினாளோ அந்தப் பிடிதான். விரல்கள் வலித்தன. அது தனக்கானதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே டாக்டர் ரெஹானா அவருக்கு மாத்திரையைத் தொடங்கிவிட்டார். மாத்திரை போட்டதும் பகல் பொழுது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. வேலைக்குப் போனார், வந்தார். ஆனால் விடியலில் மாத்திரை ஓயும்போது சௌமியா வந்துவிடுவாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் போனவள், நேற்றுப் போனவளைப்போல.

மோகனா வீட்டில் சத்தமில்லாமல் நடமாடினாள். தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது. யார் என்று பார்த்தால் யாரும் இல்லை. டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். 'எனக்காக ஒருவர் ஏங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, இறந்தவளுக்காக ஏங்குகிற ஒருவரை எழுப்பிவிட்டேனே' என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும்போது அவர் சொன்னார். "உனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்குத் தெரியுது. திரும்ப ஊசியே போட்டுக்கட்டுமா? நீ சொல்றதுதான்."

அவளுக்குக் கஷ்டம் என்பதை அவர் கண்டுபிடித்துச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாள். ஊசி போட்டால் பழையபடி சிரித்த முகத்தோடு இருப்பார். தைலம் எடுத்துக் கொடுப்பார். சௌமியா திரும்பவும் ஒரு செய்தியாகிவிடுவாள். அவரைத் திருப்பித் தூங்கவைப்பது எவ்வளவு சுலபம்! இரண்டு நாள் அந்த எண்ணத்தோடேயே வேலைக்குப் போய்வந்தாள். ஒருதரம் கிளினிக்குக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நான் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு எது வேணும்?"

நந்தகுமார் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார்.

"உன்கிட்ட பொய் சொல்ல முடியாது. எனக்கு அவ வேணும். அது நடக்காதுன்னு தெரியும். ஆனா அவ வேணும்னு இருக்கே, அதாச்சும் இருக்கட்டும். அதையும் புடுங்கிக்கிட்டா அவளுக்குன்னு இந்த உலகத்துல ஒண்ணுமே இல்லாம போயிடும்."

மோகனா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். "அப்ப ஊசி வேண்டாம்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அதோடு வாழ்வது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் விடியலில் அவர் எழுந்துபோனதும் அவளும் எழுந்து போனாள். காபி போட முடியாது; மாத்திரை போட்ட பிறகுதான் எதுவும். இருவரும் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வேண்டுமே என்று, "அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் சௌமியா வழியிலிருக்கிற கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவாளாம். தப்பாக எழுதியிருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவாளாம். பல்லி என்றால் அப்படிப் பயமாம். பல்லி இருக்கிற அறையில் அதன் முகத்தைப் பார்த்தபடியேதான் பின்பக்கமாக நடந்து வெளியே வருவாளாம். பனி பெய்வதை ஒருதரமாவது பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, போவதற்கு வழியே இல்லாத காலத்தில் திருப்பூரில் ஒரு ஸ்வெட்டரை மட்டும் வாங்கி வைத்துவிட்டாளாம்.

முதலில் மோகனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பல்லி விஷயத்தில் சிரித்துவிட்டாள். தினமும் விடியலில் கொஞ்சம். பிறகு ஆளுக்கொரு மாத்திரை, ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர். அதோடு சௌமியா போய்விடுவாள். அவர் வேலைக்குக் கிளம்புவார், அவள் நிலையத்துக்கு. அவருக்கு எடை ஏறத்தான் செய்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டார். டாக்டர் சத்தம் போட்டார். "மாத்திரையைத் தாமதமாப் போடறீங்க ரெண்டு பேரும், எனக்குத் தெரியுது" என்றார். திட்டினாலும் அவர்களை அதிக நேரம் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள், அடுத்த ஊசியைத் தானும் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் விளக்கவில்லை.

மார்கழியில் சௌமியாவின் திவசம் வந்தது. வருடா வருடம் தாராபுரத்தில் அவளுடைய அப்பா அம்மா வீட்டில்தான் செய்வார்கள். இதுவரைக்கும் நந்தகுமார் காலையில் போய், எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுவார். இந்த முறை பரண்மேலிருந்து ஒரு பையை இறக்கி எடுத்துக்கொண்டு போனவர் நான்கு நாட்கள் கழித்துத்தான் வந்தார்.

அந்த நான்கு விடியல்களில் மோகனா தனியாக அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைத் தேடியது. அது அவளுக்குப் பழகியதுதான். ஆச்சரியம் என்னவென்றால், சௌமியாவையும் தேடியது. பார்த்தே இராத ஒருத்தி. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை ஒன்றில் எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டு, இதைச் சொல்ல அவள் இல்லையே என்று நினைத்து, பலகை மறைகிற வரைக்கும் மோகனா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தாராபுரத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் விடியலில் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். மோகனா மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் பேசுவார் என்று காத்திருந்தாள். அவர் பேசவில்லை. கண் சிவந்திருந்தது, முகம் சோர்ந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "அந்த ஸ்வெட்டரைக் குடுத்துட்டீங்களா?"

"அவ தங்கச்சிகிட்ட குடுத்தேன். அவளுக்குச் சரியா இருந்துச்சு. எல்லாரும் ஒரு மூச்சு அழுதோம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்கம்மா உன்னைப் பத்திக் கேட்டாங்க."

"என்னைப் பத்தியா?"

"ம். 'மோகனா எந்த ஊருப் புள்ள? கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? என்ன செஞ்சு குடுத்தா புடிச்சுத் திம்பா?'ன்னு. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கோம். நான் உன்னை ஒண்ணுமே கேட்டதில்ல. கேக்கணும்னு தோணவே இல்லை. பஸ்ல வர்ற வழியெல்லாம் அதேதான். எப்படா வீடு வரும், எப்படா கேப்போம்னு இருந்துச்சு."

"சௌமியா கதை பாதியில நிக்குது. அதை முடிங்க மொதல்ல" என்றாள்.

"அது முடியாது மோகனா. அது பாட்டுக்கு நடுவுல நடுவுல வந்துட்டேதான் இருக்கும். நீ இப்ப சொல்லு. சின்ன வயசுல எப்படி இருப்ப?"

"குண்டா இருப்பேன்."

"அதில்ல. வேற சொல்லு."

ஊரெல்லாம் கேட்கப் பேசுகிறவளுக்கு அப்போது வாய் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. முழங்காலில் முழங்கையை ஊன்றி, பசித்தவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே பால்காரரின் வண்டி வந்து நின்று, மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

"எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ரயில் பாதை இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள் மோகனா. "சாயங்காலம் ஒரு வண்டி போகும். அதுல இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்னு நான் மதில்மேல ஏறி நின்னு பேசுவேன். பாட்டு அறிவிக்கற மாதிரி. கைகூட ஆட்டமாட்டேன், பேசுவேன்…"

"என்ன பேசுவ?"

அவள் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பதறியடித்துக் கை கழுவப் போனபோதுதான் பார்த்தாள். மாத்திரை கையிலேயே இருந்திருக்கிறது. வியர்வையில் கரைந்து, உள்ளங்கை ரேகைகளிலெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.